ஆறு புள்ளியைக் குறைத்துப் பேசாதீர்கள்

எங்கள் இலங்கை உதைபந்தாட்ட அணி தாய்லாந்திடம் சொந்த மண்ணில் நாலு கோல் வாங்கிய இரவிலிருந்து முகநூலைத் திறந்தாலே மனசு கனக்கிறது. "வெளிநாட்டுப் பொடியன்களை இறக்கி என்னத்தைக் கண்டோம்" என்று வெளிநாட்டில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களைச் சாடி ஒருத்தர், "இந்த டீமைக் கலைத்துவிட்டு உள்ளூர் ஆட்களை மட்டும் போடுங்கள்" என்று இன்னொருத்தர், "எங்களுக்கு கிரிக்கெட் போதும்" என்று வேறொருத்தர். 2025 நவம்பர் 18 அன்று நானும் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில்தான் இருந்தேன். நாலாவது கோல் விழுந்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் டி பிரிவில் நாங்கள் ஆறு புள்ளி எடுத்து ஆடியதை எல்லாம் அந்த ஒரு இரவை வைத்து எடைபோடுவது அநியாயம். அதைக் கொஞ்சம் விலாவாரியாகவே எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் எங்கே கிடந்தோம் என்பதை மறந்துபோய்த்தான் பலர் பேசுகிறார்கள். 2015 மார்ச்சில் சுகததாச விளையாட்டரங்கில் பூட்டானிடம் 1-0 என்று தோற்றோம். பூட்டான் அப்போது உலகத் தரவரிசையில் 209, அதாவது ஆகக் கடைசி. திம்புவில் நடந்த மறு ஆட்டத்திலும் 2-1 என்று தோற்று, உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் முதல் படியிலேயே வெளியே வந்தோம். அடுத்த முறை, 2019இல், மக்காவோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றிருந்தோம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு அவர்கள் கொழும்புக்கு வர மறுத்ததால்தான் இரண்டாம் சுற்று கிடைத்தது. அங்கே தென்கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான், வடகொரியா. வடகொரியா இடையில் விலக, அவர்களோடு ஆடியது கணக்கில் வரவில்லை. மிச்சம் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. அடித்தது 2 கோல், வாங்கியது 23. தென்கொரியா ஒரே ஆட்டத்தில் எட்டு அடித்தது. அந்த இரண்டு கோலையும் லெபனானுக்கு எதிராக அடித்தவர் ஒரே ஆள், வசீம் ராசிக். அவரும் ஜெர்மனியில் வளர்ந்தவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அப்புறம் 2023. ஜனவரியில் பீபா எங்கள் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் வரைக்கும் இலங்கை என்ற பெயரில் சர்வதேச ஆட்டம் எதுவுமே இல்லை. தரவரிசையில் 207. ஒக்டோபரில் யேமனிடம் 3-0 தோல்வி, கொழும்பில் 1-1 சமநிலை, அத்தோடு அந்த உலகக் கிண்ணக் கனவும் முடிந்தது. அந்த நேரம் யாராவது வந்து "இரண்டு வருஷத்தில் நீங்கள் துர்க்மெனிஸ்தானை அடிப்பீர்கள், தாய்லாந்தோடு புள்ளியில் சமமாக நிற்பீர்கள்" என்று சொல்லியிருந்தால் கொட்டாஞ்சேனையில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நடந்தது அதுதான். 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு பிளே-ஓஃப், அதாவது தோற்றவர் வெளியேறும் இரண்டு ஆட்ட மோதல். கொழும்பில் கோல் இல்லை, புனோம்பென்னில் 2-2, பிறகு பெனால்டியில் 4-2 என்று வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் மூன்றாம் சுற்றுக்குப் போனோம். பயிற்றுவிப்பாளர் அப்துல்லா அல்முத்தைரி, குவைத்காரர். 2021இல் நேபாளத்தை தெற்காசியக் கிண்ண இறுதிப் போட்டி வரைக்கும் கொண்டுபோனவர், சின்ன அணியை எப்படிக் கட்டுவது என்று தெரிந்த ஆள். குலுக்கலில் கிடைத்தது தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்பே (தாய்வான்). நாலு பேரிலும் தரவரிசையில் கீழே நாங்கள்.

இந்தச் சுற்றின் விதியையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஆறு புள்ளி எடுத்தும் போகமுடியாதா" என்று கேட்பவர்களுக்கு இது தெரியவில்லை. 24 அணி, ஆறு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வருபவர் மட்டும் ஆசியக் கிண்ணம் நடக்கும் சவுதி அரேபியாவுக்குப் போகலாம். இரண்டாம் இடத்துக்கு ஒன்றும் இல்லை. நாலு அணிப் பிரிவில் ஒரே ஒரு கதவு என்றால் ஒரு ஆட்டம் சறுக்கினாலே கணக்கு முழுக்க மாறிவிடும். தாய்லாந்தையே பாருங்கள். 2025 ஜூனில் துர்க்மெனிஸ்தானிடம் 3-1 என்று தோற்றதும் அவர்களுக்கு உயிர் போய்த் திரும்பியது, ஒக்டோபரில் சீன தாய்பேயை 6-1 என்று வென்ற பிறகும் பயிற்றுவிப்பாளரை மாற்றினார்கள்.

எங்கள் ஆட்டங்களுக்கு வருகிறேன். 2025 மார்ச் மாதம் பாங்கொக்கில் 1-0 தோல்வி. தாய்லாந்தின் மண்ணில், அவர்கள் கூட்டத்துக்கு முன்னால், ஒரே கோல். அன்றைக்கே எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது, இது எட்டு கோல் வாங்கும் அணி இல்லை என்று. ஜூன் 10, ரேஸ்கோர்ஸில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றோம். பிறகு ஒக்டோபர் 9, துர்க்மெனிஸ்தான் கொழும்புக்கு வந்தது. 2019இல் இதே ஊரில் எங்களை 2-0 என்று அடித்துவிட்டுப் போனவர்கள். இந்த முறை 1-0, வென்றது நாங்கள்.

அந்த இரவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எனக்குப் பக்கத்தில் மட்டக்குளியைச் சேர்ந்த ஒரு ஐயா, எழுபது வயதாவது இருக்கும், அந்தக் காலத்தில் கழகத்துக்கு ஆடியவர். 1995இல் கொழும்பில் கோல்டன் கோலில் (மேலதிக நேரத்தில் முதலில் கோல் அடித்தவர் வெல்லும் முறை) இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்ததைப் பற்றி இடைவேளை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். கைக்குட்டையை மடித்து, விரித்து, மறுபடி மடித்து, கண் பந்தை விட்டு அசையவே இல்லை. பின்னால் பப்பரே வாத்தியக்காரர்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி விசில் ஊதியதும் அவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "தம்பி, நான் கண்ணை மூட முந்தி இன்னொரு தரம் பார்த்திட்டன்" என்றார். முன்வரிசையில் சிங்களப் பொடியன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். கொம்பனித்தெருவிலிருந்து வந்த ஒரு குழு படிக்கட்டில் நின்று பாடியது. மைதானத்தை விட்டு வெளியே வரவே யாருக்கும் மனம் இல்லை.

அன்றைய பட்டியலைப் பாருங்கள். மூன்று ஆட்டம் முடிந்த நிலையில் துர்க்மெனிஸ்தான் 6, தாய்லாந்து 6, இலங்கை 6. மூவரும் தங்களுக்குள் ஆடியதை மட்டும் எடுத்துக் கோல் வித்தியாசம் பார்த்தால் தாய்லாந்து எங்களுக்கும் கீழே! ஒக்டோபர் 9இலிருந்து 14 வரைக்கும் இந்த நாடு ஆசியக் கிண்ண வாசலில் உண்மையாகவே நின்றது. ஒருமுறைகூட ஆசியக் கிண்ணத்தில் ஆடாத நாடு. தாராளமாகக் கொண்டாடியிருக்க வேண்டிய ஐந்து நாள் அது. மறுநாள் பத்திரிகைகளைப் புரட்டினேன், உள் பக்கத்தில் தேடித்தான் செய்தி கிடைத்தது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

14ஆம் திகதி துர்க்மெனிஸ்தானின் மண்ணில் 2-1 தோல்வி. அதில் ஒரு சமநிலை எடுத்திருந்தால்கூட நவம்பர் மாதம் வேறு மாதிரி இருந்திருக்கும். தோற்றதால் தாய்லாந்து ஆட்டத்தில் கட்டாயம் வெல்ல வேண்டிய நிலை, அவர்களுக்கோ புதுப் பயிற்றுவிப்பாளர், கட்டாயம் வெல்ல வேண்டிய அதே நிலை. நாலு கோல் விழுந்தது. அவர்கள் வருஷம் முழுக்க ஒழுங்காக நடக்கும் தொழில்முறை லீக்கிலிருந்து வருகிறவர்கள். எங்கள் பொடியன்கள் நாலு கண்டத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கி, சில நாள் சேர்ந்து பயிற்சி எடுத்து, ஆடிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். இந்த வித்தியாசம் ஒரு ஆட்டத்தில் மறையலாம், இரண்டில் மறையலாம், ஆறிலும் மறையாது.

சரி, இனி அந்த "வெளிநாட்டுப் பொடியன்கள்" பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் கழகத்துக்கு ஆடிய கிளோடியோ கமர்நெக்டின் தாய் இலங்கையர். டிலன் டி சில்வா லண்டனில் பிறந்த இலங்கைப் பிள்ளை. ஆதவன் ராஜமோகன் ஸ்வீடனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. மலேசியாவில் நடந்தது வேறு கதை. ஏழு வீரர்களுடைய பாட்டன் பாட்டியின் பிறப்புப் பத்திரங்களே போலி என்று 2025 செப்டெம்பரில் பீபா தண்டித்தது. அதையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பாவம்.

தமிழ் ஆட்களே இதைச் சொல்லும்போது இன்னும் நெஞ்சு எரிகிறது. எண்பத்து மூன்றிலும் அதற்குப் பிறகும் இந்த ஊரிலிருந்து, வெள்ளவத்தையிலிருந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து கையில் கிடைத்ததோடு போனவர்கள் எத்தனை குடும்பம். எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சித்தப்பாவோ மாமியோ நோர்வேயிலோ சுவிஸிலோ கனடாவிலோ இருக்கிறார்கள். அப்படிப் போனவர்களின் பிள்ளைகளில் ஒருவன், அங்கே எல்லா வசதியும் இருக்க, இலங்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரேஸ்கோர்ஸ் புல்லில் இறங்குகிறான் என்றால் அவனைப் பார்த்து "கூலிக்கு வந்தவன்" என்று சொல்ல எங்களுக்கு எப்படி மனம் வருகிறது? ஒருமுறை மைதானத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பிள்ளை அணிப் பட்டியலைப் போனில் பார்த்துவிட்டு, "அப்பா, ராஜமோகன் எண்டா எங்கட பேர்தானே" என்று கேட்டது. தகப்பன் "ஓம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை ஆட்டம் முழுக்க அந்த இலக்கத்தையே தேடிக்கொண்டிருந்தது. தேசிய அணியில் தன் பெயர் மாதிரி ஒரு பெயரைப் பார்க்க இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் வாய்த்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. உள்ளூரில் ஏன் ஆள் வரவில்லை என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. 2021இல் சூப்பர் லீக் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், ஒரு பருவத்தோடு நின்றது. கழகங்களுக்கு அடுத்த ஆட்டம் எந்த மாதம் என்றே தெரியாத வருஷங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் மன்னார்க் கரையோரக் கிராமங்களிலும் உதைபந்தாட்டம் மூச்சு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ப் பாருங்கள், கோயில் வளவில் வெறுங்காலோடு ஆடும் பொடியன் பந்தை எடுக்கும் விதத்திலேயே தெரியும். அவனுக்குப் பதினெட்டு வயதில் என்ன வழி இருக்கிறது? கடலுக்குப் போகலாம், இராணுவ, பொலிஸ் அணிகளில் இடம் கிடைத்தால் சம்பளம் வரும், கெட்டிக்காரன் என்றால் மாலைதீவுக் கழகம் ஏதாவது கூப்பிடும். எங்கள் தலைவர், கோல்காப்பாளர் சுஜான் பெரேராவே மாலைதீவில் ஆடியவர். மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணிக்கு ஆடியவர், மாலைதீவின் வலென்சியா கழகத்துக்குப் போனார், 2022 பெப்ரவரியில் அங்கேயே இறந்து போனார். உடலாகத்தான் ஊருக்கு வந்தார். தேசிய அணி வீரர் ஒருவர் பிழைப்புக்கு சுமார் ஐந்து லட்சம் பேரே உள்ள தீவு நாட்டின் லீக்கை நம்பிப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு கோடி பேர் உள்ள நாடு இது.

எட்டு மாதம் நிற்காமல் நடக்கும் ஒரு லீக், வடக்கு கிழக்கு மலையகக் கழகங்களுக்கும் அதில் உண்மையான இடம், வீரர்களுக்கு மாதா மாதம் சம்பளம். இதைத்தான் இந்த ஆறு புள்ளியைக் காட்டிக் கேட்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பிள்ளைகளும் வரட்டும், கமர்நெக்டுக்குப் பக்கத்தில் மன்னார்ப் பொடியன் ஒருவன் நின்று அவனிடம் கற்றுக்கொண்டு ஆடட்டும். ஒருவரைத் துரத்தி இன்னொருவரை வளர்க்க முடியாது.

2025 நவம்பர் ஆட்டங்கள் முடிந்து இதை எழுதும்போது இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது. 2026 மார்ச் 31, சீன தாய்பேயின் மண்ணில். தாய்லாந்தும் துர்க்மெனிஸ்தானும் 12 புள்ளியில் நிற்கிறார்கள், முதலிடம் எங்களுக்கு இல்லை என்பது முடிவாகிவிட்டது, அதனால் "சும்மா மெட்ச்" என்கிறார்கள். சும்மா மெட்ச் இல்லை. பீபா தரவரிசைக் கணக்கில் தகுதிகாண் ஆட்டத்துக்கு 25 என்ற எடை, சிநேகபூர்வ ஆட்டத்துக்கு ஆகக் கூடினால் 10. 2026 உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் ஆசியாவில் 27ஆம் இடத்திலிருந்து 46 வரை இருந்தவர்கள்தான் முதல் சுற்றில் ஒருவரையொருவர் மோதி, பாதிப்பேர் இரண்டே ஆட்டத்தில் வெளியே போனார்கள். யேமனிடம் நாங்கள் போனது அப்படித்தான். மார்ச்சில் வென்றால் ஒன்பது புள்ளி, தரவரிசையில் ஏற்றம், அடுத்த குலுக்கலில் கொஞ்சம் நல்ல இடம். ஆகவே அணியைக் கலைக்கச் சொல்லி எழுதுவதை விட்டுவிட்டு, அந்த ஆட்டத்துக்கு எல்லாப் பொடியன்களும் வருவதற்கு வேண்டிய விமானச் சீட்டும் ஒரு கிழமைப் பயிற்சி முகாமும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று இப்போதே கேட்கத் தொடங்குங்கள். நானும் கேட்கிறேன்.