ஏக்கமாம், ஏக்கம்!

நேற்று ராத்திரி நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். 'டெர்மினேட்டர் 2' பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு, "அங்கிள், அது படமில்லை, உங்க சின்ன வயசு ஏக்கம்" என்று ஒரு தம்பி தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனார். அதற்கு நாற்பது ஹாஹா. ஏழெட்டு என் நெருங்கிய நண்பர்கள் போட்டது. பரவாயில்லை, பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பி எப்படிப் பார்த்தாராம்? கைப்பேசியில், ஒன்றரை மடங்கு வேகத்தில், "போரடிக்கிற பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு". வாங்கிய நாலு ஆஸ்கரில் இரண்டு ஒலிக்குக் கிடைத்தவை என்று அவரிடம் யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் அதுவும் ஏக்கமாகிவிடும்.

ஏக்கம் இல்லை ஐயா. படம் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

1991இல் வந்த படம். ஒரு சிறுவனைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து ஓர் எந்திரம் வருகிறது, அவனைக் காப்பாற்ற இன்னொன்று வருகிறது. காப்பாற்ற வருவது அர்னால்டு. கொல்ல வந்த அந்த உலோக மனிதன் டி-1000 மருத்துவமனையில் கம்பிக் கதவுக்குள் புகுந்து வருவான் இல்லையா? உடம்பு முழுக்க நழுவி வந்துவிடும், கையில் இருக்கும் துப்பாக்கி மட்டும் கம்பியில் 'டங்'கென்று மாட்டிக்கொள்ளும். அந்த 'டங்'கை யோசித்த மூளைக்குத்தான் நான் ரசிகன், கம்ப்யூட்டருக்கு இல்லை. இரண்டே கால் மணி நேரப் படத்தில் கம்ப்யூட்டர் வேலை மொத்தமே ஐந்து நிமிடம்போல. மற்றதெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் பொம்மைகள், ஒப்பனை, நிஜ லாரி. காவலாளியும் அவனைப்போலவே உருமாறிய டி-1000உம் எதிரெதிரே நிற்கிறார்களே, அவர்கள் நிஜமாகவே இரட்டையர்கள். கடைசியில் சிறுவனின் அம்மா சாரா இரண்டு பேராகத் தெரிவதற்கு, அந்த வேடத்தில் நடித்த லிண்டா ஹாமில்டனோடு பிறந்த இரட்டைச் சகோதரியையே கூட்டி வந்தார்கள். ஹெலிகாப்டர் பாலத்துக்கு அடியில் நுழைவதும் நிஜம். இதையா 'பழைய கிராபிக்ஸ்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது?

சரி, மற்ற மேதைகளுக்கும் வருவோம். "எதிர்காலத்திலிருந்து வந்த சிப்பை வைத்துத்தானே அந்த எந்திரத்தையே உருவாக்குகிறார்கள், லாஜிக் எங்கே?" இருந்துவிட்டுப் போகட்டும். "அர்னால்டுக்கு நடிக்கத் தெரியாது." எந்திரமாக வருபவர் எந்திரம் மாதிரி இருக்கிறார் என்பது ஒரு குறையா? அப்புறம் ஒருவர், பின்னால் வந்த பாகங்களைக் காட்டி அடித்தார். அங்கே மட்டும் எனக்குப் பேச்சில்லை. இருந்தாலும் அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. 'பேச்சைத் தள்ளிவிட்டேன்' என்றாரே, அது.

பாலைவனத்தில் மகனும் எந்திரமும் பேசிச் சிரிப்பதைச் சாரா தள்ளி நின்று பார்க்கும் இடம். இது அவனை விட்டுப் போகாது, குடித்துவிட்டு வந்து அடிக்காது, உனக்கு நேரமில்லை என்று சொல்லாது என்று மனசுக்குள் கணக்குப் போடுவாள். வந்துபோன ஆண்களில் இந்த ஒன்றுதான் அப்பா என்று சொல்லத் தேறியது என்பாள். கேசட்டில் அதைப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்தில் அம்மா. "அந்தப் பொம்பளை என்ன சொல்லுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் புரிந்ததைச் சொன்னேன். குடியைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அதைச் சொல்ல முடியாது. அம்மா "ம்" என்றாள். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி டிவிக்குத் திரும்பிக்கொண்டாள்.

அந்த வயதுக்குத் திரும்பிப் போக ஏங்குகிறேனாம். எனக்கென்ன பைத்தியமா?

இதையெல்லாம் ஒரு சினிமாவுக்காக எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நாற்பது பேர் சிரித்தபோது யாரும் கேட்கவில்லை.

போன மாதம் என் மகளோடு பார்த்தேன். பதின்மூன்று வயது, ஏங்குவதற்கு அவளிடம் எந்தப் பழைய காலமும் இல்லை. முதல் பாதியில் இரண்டு முறை போனை எடுத்தாள். அந்தப் பாலைவனத்துக்குப் பிறகு எடுக்கவில்லை. கொதிக்கும் எஃகுக்குள் அர்னால்டு எந்திரம் இறங்கி, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே மூழ்கியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்பா, அது இனிமே வராதா?"

"வராது" என்றேன். அதற்குப் பிறகு நாலு பாகம் வந்திருப்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.