மாத்திரை அட்டையைக் கொடுப்பதற்கு முன் இரத்த அழுத்தம் பார்த்தார்களா?

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறிக் குமுளிக்கு மேலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களிடம் கருத்தடை மாத்திரை என்று பேச்செடுத்தால், “அதைத் தின்றால் அப்புறம் பிள்ளையே தங்காது” என்பார்கள். அல்லது “மெடிக்கலில் கேட்டால் தருவார்கள், அதில் என்ன இருக்கிறது” என்பார்கள். முதலாவது வெறும் அச்சம். மாத்திரையை நிறுத்திய சில மாதங்களிலேயே கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடுகிறது. இரண்டாவது பேச்சுதான் எனக்குக் கவலை தருகிறது.

என் தங்கைக்கு வயது 38. இரண்டு ஆண்டுகளாக ஒரு மருந்துக்கடையில் மாதம் ஓர் அட்டை வாங்கிச் சாப்பிட்டு வந்தாள். அவளுடைய வயதையோ தலைவலி உண்டா என்பதையோ அங்கே ஒருவரும் கேட்டதில்லை. தோட்டத்தில் நடந்த மருத்துவ முகாமில் தற்செயலாகப் பார்த்தபோது இரத்த அழுத்தம் 170/110 இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று முதன்முதலாக அவளிடம் கேட்டவர் அந்த முகாமின் மருத்துவர்தான்.

இதனால் நான் மாத்திரைக்கு எதிரி ஆகிவிடவில்லை. இரண்டாவது பிரசவத்திற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எனக்கு மாதவிடாய் பத்து நாள் வரை நீண்டு, இரத்தச் சோகையால் படியேறவே மூச்சு வாங்கியது. மருத்துவர் பரிசோதித்துத் தந்த மாத்திரையை மூன்று ஆண்டுகள் சாப்பிட்டேன். இரத்தப்போக்கு குறைந்தது, வயிற்றுவலி நின்றது, கருத்தடையும் ஆயிற்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த இவ்வகை மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. கருப்பையின் உட்சவ்வு தடிப்பதையும் குறைக்கிறது. நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்குச் சூலகப் புற்றுநோயும் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைவு என்பதும், நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடிக்கிறது என்பதும் உறுதிப்பட்ட செய்திகள். மறுபக்கத்தில், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சாப்பிடும் காலத்தில் சிறிதளவு கூடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தால் கருப்பைவாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது.

உடனடி ஆபத்து இரத்த உறைவு. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு அது வருகிறதென்றால், சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கு வருகிறது. கர்ப்பிணிகளில் அதைவிடவும் கூடுதல். ஆகவே நலமாக இருக்கும் இளம்பெண்ணுக்கு இது மிகச் சிறிய ஆபத்துதான். ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர், கண்முன் மின்னல் வெட்டுவது போலத் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர், முன்பே காலில் இரத்தம் உறைந்தவர் ஆகியோருக்குக் கணக்கே வேறு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ வெற்றிலையில் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதையும் கடையில் சொல்வதில்லை.

கணவர் லாரியோடு ஊர் திரும்பும் வாரத்தில் மட்டும் சாப்பிடும் பெண்களும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பிறகு கரு நின்றதும் பழி மாத்திரை மீது விழுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா என் அட்டையில் 28 மாத்திரைகள் உண்டு. 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. கணவர் ஊரில் இல்லாவிட்டாலும் வரிசை அறுபடக் கூடாது. பால் கொடுக்கும் தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் கலவாத ‘சாயா’ இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த மருந்து. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை சாப்பிட்டால் போதும்.

இவ்வளவு வழிகள் இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 37.9 விழுக்காடு, மாத்திரையை நம்பியிருப்போர் 5.1 விழுக்காடு. இரண்டு பிள்ளை பெற்றதும் ஆபரேஷன் என்று நம் வீடுகளில் முடிவாகிவிடுவதால், மாத்திரையைப் பற்றி விளக்கிச் சொல்ல எவருக்கும் தேவை ஏற்படுவதே இல்லை. (ஆண்களுக்கான சிகிச்சை எளிது என்றாலும் அந்தப் பேச்சு எங்கள் தெருவில் இன்னும் எழவில்லை.)

தங்கைக்கு மாத்திரையை நிறுத்தி, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பொருத்தி, இரத்த அழுத்தத்திற்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அவளோடு தோட்டத்திற்குப் போகும் இரண்டு பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போனேன். செவிலியர் அழுத்தம் பார்த்துக் கேள்விகள் கேட்டு முடிக்க, ஒருவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருத்தி மாலா என் அட்டையோடு திரும்பினாள். மற்றவளுக்கு ஒற்றைத் தலைவலி இருப்பதால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.