சீயான் வைத்த ரேகையும் அம்மா வைக்கும் ரேகையும்

சென்ற வாரம் அம்மாவை நியாயவிலைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு 71 வயது. உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் நாற்பது ஆண்டுகள் மல்லிகை பறித்த கை. கருவியில் ஆள்காட்டி விரலை வைத்தார், பதியவில்லை. கட்டை விரலை வைத்தார், பதியவில்லை. "சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள் அம்மா" என்றார் கடையில் இருந்த பெண். பொறுமையான பெண், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அம்மா விரலைத் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினார், மறுபடி வைத்தார். கடைசியில் இடக்கை மோதிர விரலுக்குத்தான் கருவி இரங்கியது. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. வீட்டுக்கு வரும் வழியில், "முப்பது வருடமாக அந்தக் கடையில்தான் அரிசி வாங்குகிறேன். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அடையாள அட்டை பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் சிலர் ஒரு பழமொழியைத் தூக்கிப் போடுகிறார்கள். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? வேறு எங்கு சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் நின்று இதைச் சொல்லக் கூடாது.

தாத்தாவை நாங்கள் சீயான் என்போம். என் சீயான் எந்தத் திருட்டிலும் பிடிபட்டவர் இல்லை. இன்ன சாதியில் பிறந்தார் என்பதற்காகவே அவருடைய பத்து விரல்களின் ரேகையும் காவல்துறைப் பதிவேட்டுக்குப் போயின. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய பிரிட்டிஷ் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊர்களில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை, ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். இரவானால் ஆண்கள் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் எழுந்து நின்றபோது, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, போலீஸ் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அந்த மக்களுக்காக வழக்காடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை எங்கள் கிழவர்கள் ரோசாப்பூ துரை என்று சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல். செத்தவர்கள் மடியில் என்ன கனம் இருந்தது?

ஆதாரும் ரேகைச் சட்டமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் முதியோர் உதவித்தொகை இடைத்தரகர் கை படாமல் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அட்டை இல்லாத காலத்தில் கையெழுத்துக்காக அவர் எத்தனை நடை நடந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அட்டை இருக்கட்டும். அதைக் காட்டினால்தான் சோறு, காட்டினால்தான் மனிதன் என்று ஆக்கும்போதுதான் எனக்குச் சீயானின் நினைப்பு வருகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24இல். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதாரை ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடம் தந்த 57ஆவது பிரிவு அப்போது அடிபட்டது. ஆனால் நகரத்தில் அறை எடுக்கப் போனால் முதலில் கேட்பது ஜெராக்ஸ்தான். ஒருமுறை பழைய பேப்பர் கடையில் எடை போட வைத்திருந்த கட்டு ஒன்றைப் பார்த்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஆதார் ஜெராக்ஸ்கள். முகங்கள், பிறந்த தேதிகள், கதவு எண்கள். மேலே இருந்த தாளில் ஒரு இளம்பெண்ணின் முகம். தன் முகவரி எங்கே கிடக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இதெல்லாம் குடிமக்களான நம் பாடு. குடியுரிமை இல்லாதவர்கள் பாடு இன்னும் கொடியது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மதுரையைச் சுற்றி ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அகதி முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நல்ல மாற்றம்தான். அங்கே இருக்கும் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்து பழக்கமானவர். அவருடைய பூட்டனார் மேலூர்ப் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்தக் குடும்பத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். நண்பரின் குடும்பத்துக்கு அதிலும் ஒரு காகிதம் வந்து சேரவில்லை. வவுனியாவுக்குப் போய், 1990இல் படகேறி மண்டபத்தில் இறங்கினார்கள். இவர் பிறந்தது 1992இல், இங்கேதான். கண்டியையும் பார்த்ததில்லை, வவுனியாவையும் பார்த்ததில்லை.

இவரிடம் ஆதார் அட்டை இருக்கிறது. 182 நாள் இங்கே வசித்த எவரும் அதைப் பெறலாம். அந்த எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. விரலும் கண்ணும் முகமும் அரசிடம் இருக்கின்றன, வாக்குரிமை இல்லை, சாதாரண பாஸ்போர்ட் இல்லை. இந்த மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தர 2022இல் உத்தரவிட்டது நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம்தான். என் நண்பர் ஐந்து ஆண்டு பிந்திப் பிறந்துவிட்டார். 2019இன் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. 2025இல், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்குத் தண்டனை இல்லை என்று மத்திய அரசு அறிவித்தது. தண்டிக்காமல் விடுவது வேறு, நீ எங்களவன் என்று ஏற்பது வேறு.

முகாமில் வருகைப் பதிவு உண்டு. அந்த நாளில் ஆள் இருக்க வேண்டும். பெயிண்ட் வேலைக்குத் தூரத்து ஊருக்குப் போனவர் கூலியை விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில், மகனுக்கு வருகை பதிவதைப் பற்றி வருவாய்த்துறை அதிகாரியுடன் ஏற்பட்ட வாக்குவாதத்தின் முடிவில் ஒரு தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டார். திருமங்கலம் பக்கம் போகும்போதெல்லாம் அவர் நினைவுதான். உச்சப்பட்டிக்கும் பெருங்காமநல்லூருக்கும் நடுவே அதிகத் தூரம் இல்லை.

எங்களிடம் ரேகை எடுத்த பிரிட்டன் தன் மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2006இல் அங்கே அடையாள அட்டைச் சட்டம் வந்தது. அந்தரங்கம் போகிறது என்று மக்கள் எதிர்த்தார்கள். 2010இல் சட்டத்தை நீக்கி, திரட்டிய பதிவேட்டையும் அழித்தார்கள். ஆனால் வெளிநாட்டவருக்கான ரேகை பதித்த அட்டை மட்டும் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் டிஜிட்டல் அடையாள அட்டையை மறுபடி அறிவித்தபோதும், அனுமதியில்லாமல் குடியேறியவர்கள் வேலை செய்வதைத் தடுக்கத்தான் என்றார்கள். வந்தவனைக் காட்டித்தான் எல்லோருக்குமான அட்டைக்குக் கதவைத் திறக்கிறார்கள். நம் ஊரிலும், கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாத் தம்பிகளின் அட்டைகளை ஒப்பந்தக்காரர் வாங்கி வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அட்டை கையில் இல்லாதவன் எந்தக் கூலியைக் கூட்டிக் கேட்பான்?

நண்பரின் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். மதுரையில் பிறந்த பிள்ளை. கல்லூரி விண்ணப்பத்தில் நாட்டினம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். அப்பாவைக் கேட்கவில்லை, அவர் மனம் நோகும் என்று.

வரும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளுக்கு நண்பரோடு நானும் போகிறேன். குடியுரிமை ஆட்சியர் கையில் இல்லை, மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பது தெரிந்துதான் போகிறோம். மனுவை டெல்லிக்கு அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்போம். அதோடு அம்மாவின் மனுவும் இருக்கிறது. விரல் பதியாத வயதானவர்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்காமல், குடும்ப அட்டையைப் பார்த்து முதல் முறையிலேயே பொருள் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.