டிராம் வரும் வரைக்கும் பாருங்கள்

அந்த ஓநாய் ரீலைப் பற்றித்தான். யார் போட்டது என்று சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப் பேர் ஹார்ட்டின் விட்டிருக்கிறீர்கள். "வில்லன்னு யாருமே இல்ல, கதையை யார் சொல்றாங்கங்கிறதுதான் விஷயம்" என்று மேலே ஒரு பொன்மொழி, பின்னால் சோக வயலின். அடேயப்பா.

அந்த ரீலை வெட்டி எடுத்த படம் 1941-ல் வந்த 'த ட்ரையல் ஆஃப் மிஸ்டர் வுல்ஃப்'. ஃப்ரிஸ் ஃப்ரெலெங் இயக்கிய வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன், மெர்ரி மெலடீஸ் வரிசை. சிவப்புத் தொப்பிக்காரி கதையின் ஓநாய் மேல் வழக்கு நடக்கிறது. ஜூரியில் உட்கார்ந்திருப்பதும் ஓநாய்கள்! நம்மாள் கதையை அவிழ்த்துவிடுகிறது. தான் பாட்டுக்குக் காட்டில் போய்க்கொண்டிருந்ததாம். அந்தப் பெண்தான் (ஹாலிவுட் நடிகை கேத்தரின் ஹெப்பர்னை நக்கலடித்து வரைந்திருப்பார்கள், அதற்காகவே பார்க்கலாம்) மயக்கிப் பாட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாளாம். பாட்டிக்கோ ஓநாய்த் தோல் கோட்டு மேல் ஆசையாம், அதற்காகக் கொல்லத் துரத்தினாளாம். ரீல் இங்கே முடிகிறது.

படம் முடியவில்லை. தான் சொன்னது பொய்யென்றால் தன் மேல் டிராம் ஏறட்டும் என்று ஓநாய் சத்தியம் செய்கிறது. வாயை மூடவில்லை, கோர்ட்டுக்குள்ளேயே டிராம் வந்து ஏறிவிடுகிறது. நசுங்கிக் கிடந்தபடி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன் போல என்கிறது. அதுதானய்யா ஜோக்! படமே அதற்காகத்தான் எடுத்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தத்துவம் என்று விற்றால் என்ன சொல்வது?

இதைத்தான் அங்கே போய் மரியாதையாகச் சொன்னேன். "கடைசியையும் சேர்த்துப் போடுங்க, அர்த்தமே மாறிடுது" என்று. வந்த பதில்: "அக்கா, கார்ட்டூனுக்கெல்லாம் இவ்ளோ டென்ஷனா?" அதற்கு நாற்பது சிரிப்பு. கார்ட்டூனை வைத்து வாழ்க்கைப் பாடம் எடுத்தது நானா?

உடனே "அப்ப ராவணன்?" என்று ஒருவர் வருவார் என்று தெரியும். வந்தார். புலவர் குழந்தையின் இராவண காவியம் 1946-ல் வந்தது, 1948-ல் தடை செய்தார்கள், 1971-ல்தான் தடை நீங்கியது. அதைப் படித்து வளர்ந்த வீடுதான் எங்களுடையது. அங்கே காலங்காலமாகக் கெட்டவன் என்று எழுதப்பட்ட ஒருவனுக்காக வேறொருவர் பேனா எடுத்தார், அதற்கு விலையும் கொடுத்தார். இங்கே தின்றவனே தன் ஆட்கள் முன்னால் நின்று தனக்குத்தானே சாட்சி சொல்கிறான். இரண்டும் ஒன்றா? வில்லன் பக்கத்துக் கதை எனக்கு ஆகாது என்று யார் சொன்னது? 2014-ல், தூங்கும் அழகி கதையை வில்லி பக்கமிருந்து சொன்ன மேலிஃபிசென்ட் படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தியவள் நான்.

"எல்லாக் கதைக்கும் ரெண்டு பக்கம் இருக்கு மேடம்." இருக்கட்டுமே. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-ல் எழுதிய சிவப்புத் தொப்பிக்காரி கதையில் அந்தச் சின்னப் பெண்ணை ஓநாய் தின்றுவிடும், அத்தோடு கதை முடியும். வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றுவதெல்லாம் பின்னால் கிரிம் சகோதரர்கள் சொன்னதில்தான். பெரோ கதையில் வயிற்றுக்குள் போனவள் எந்தக் கோர்ட்டில் ஏறித் தன் பக்கத்தைச் சொல்வாள்?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலியை "ஒரே மாசம்க்கா" என்று வாங்கிக்கொண்டு போய் அடகு வைத்தார் ஒருவர். எனக்கு மாமா முறை. வட்டி கட்டவில்லை, சங்கிலி மூழ்கிப்போனது. பஞ்சாயத்து எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது, உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவருடைய பங்காளிகள். அவர் சொன்னார்: "நான் வேணாம்னுதான் சொன்னேன். அக்காதான் கழட்டிக் கையில திணிச்சுது. இப்ப என்னைத் திருடன்கிறாங்க." சொல்லும்போது துண்டால் கண்ணைத் துடைத்தார். கூட்டமே உச்சுக் கொட்டியது. "கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்" என்றார், பண்ணவும் செய்தார். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் உள்ளே அத்தனை பேருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "போனது போகட்டும், சொந்தத்துக்குள்ள" என்று தீர்ப்பு.

எங்கள் ஊரில் டிராம் கிடையாது. மெட்ராஸிலேயே 1953-ல் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்த மாமா "என்னைப் பத்தித் தப்பாவே பேசிட்டாங்க" என்று கல்யாண வீடுகளில் பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்களுக்கு அவர் மேல் பரிதாபம். நல்ல கதைசொல்லி, அதை மறுக்க மாட்டேன். அம்மாவுக்குக் கோர்வையாகப் பேச வராது. அழுகை வந்தால் எழுந்து போய்விடுவாள். அவள் பக்கத்துக்கு வயலின் வாசிக்க யாரைக் கூப்பிடுவது?

"பழைய நகைப் பஞ்சாயத்தை ரீலோட முடிச்சுப் போடாதீங்க" என்று இப்போது ஒரு கமெண்ட் வரும். போடுவேன். என் சுவர்.

அவருடைய பிள்ளைகளும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள், படிப்பார்கள். படிக்கட்டும். தம்பிகளா, உங்க அப்பா பக்கத்துக் கதையை நீங்க தாராளமா எழுதுங்க, நான் ஷேர் பண்றேன். அடகு ரசீதையும் சேர்த்துப் போடுங்க.