1911க்குப் போய் ஒரு பவுன் விற்றால்

போன ஞாயிற்றுக்கிழமை பாரிமுனையில் பன்றி ரூபாயை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய நாணயக் கடை என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் கடையின் பக்கவாட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. மேலே கண்ணாடி, அதற்கடியில் சிவப்பு வெல்வெட் துணி, துணி மேல் காசுகள். கடைக்காரர் இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து, "முகத்துல விரல் படக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். கூடவே ஒரு லென்ஸ்.

1911ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய். ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த புதிதில் அடித்தது. அவர் போர்த்தியிருக்கும் அங்கியில் சங்கிலியோடு ஒரு குட்டி யானை இருக்கும். அதில்தான் வினை. தும்பிக்கையும் காலும் குட்டையாகச் செதுக்கப்பட்டதால் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்போம், இங்கே யானை பிடிக்கப் பன்றியானது. முஸ்லிம்கள் மத்தியில் பெரிய எதிர்ப்பு. சுமார் 94 லட்சம் ரூபாய் அடித்திருந்தார்கள். வெளியே போனது 7 லட்சம்தான். மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912ல் யானைக்கு ஒழுங்காகத் தும்பிக்கை வைத்துப் புதிதாக அடித்தார்கள்.

லென்ஸ் வழியாகப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது யானையாகவும் தெரியவில்லை, பன்றியாகவும் தெரியவில்லை. நனைந்த எலி மாதிரி இருந்தது. விலை கேட்டேன். "உங்களுக்காக ஆறாயிரம்." திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெரம்பூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நாணயம் சேர்க்கிற எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. ஒரே ஒரு நாள் 1911க்குப் போக முடிந்தால்? ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்று வாங்கலாம். நூறு வாங்கினால் ஆறு லட்சம். வியாசர்பாடி தாண்டுவதற்குள் நான் கார் வாங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் முதல் கேள்வி உதித்தது. அங்கே போய் எதைக் கொடுத்து வாங்குவது? என் பர்ஸில் இருக்கும் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் சவுக்கார்பேட்டைச் சேட்டு என்ன செய்வார்? காந்தி அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். நோட்டின் பின்பக்கம் அச்சிட்ட ஆண்டு வேறு போட்டிருக்கிறது. நோட்டு வேண்டாம், நாணயம் கொடுக்கலாம் என்றால், பத்து ரூபாய் நாணயத்தை இன்றைக்கே நம் ஊரில் பல கடைகளில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். செல்லும், செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டது. நம் தெருமுனை டீக்கடைக்காரரே வாங்காத காசை 1911ல் யார் வாங்கப் போகிறார்கள்?

ஆகவே தங்கம். எந்தக் காலத்திலும் செல்லும். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. நாம் எட்டு கிராமைப் 'பவுன்' என்கிறோமே, அது இங்கிலாந்தின் சாவரின் தங்க நாணயத்திலிருந்து வந்த வழக்கு. அதன் எடை எட்டு கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவு, 22 காரட். அந்த நாணயம் இந்தியாவில் 15 ரூபாய்க்குச் செல்லும் என்று 1899ல் சர்க்கார் நிர்ணயித்தது. 1911லும் அதே 15தான்.

சரி, மனைவியின் வளையலில் ஒரு பவுனை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று வைத்துக்கொள்வோம். (மனசுக்குள்தான். நிஜத்தில் எடுக்கிற தைரியம் எனக்கு எந்த நூற்றாண்டிலும் வராது.) விற்றால் 15 ரூபாய். அதற்கு 15 பன்றி ரூபாய். இங்கே கொண்டுவந்தால் கடைக்காரர் சொன்ன விலையில் 90,000. அதுவும் அவர் விற்கிற விலை. வாங்குகிற விலையைக் கேட்டால் பாதியில் ஆரம்பிப்பார். பவுன் விலையோ 2025 கடைசியிலேயே லட்சத்தைத் தொட்டுவிட்டது. காலத்தையே வென்று போய்வந்து கைநஷ்டம்! பேசாமல் வளையலை வளையலாகவே விட்டிருக்கலாம்.

விடவில்லை நான். பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். அந்த வெள்ளி ரூபாய் ஒன்று 11.66 கிராம், ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 15 ரூபாயில் 160 கிராம் சுத்த வெள்ளி, ஒரு சாவரினில் 7.32 கிராம் சுத்தத் தங்கம். அதாவது அன்றைக்கு ஒரு கிராம் தங்கத்துக்குச் சுமார் 22 கிராம் வெள்ளி. இன்றைக்கு ஒரு கிராம் தங்கத்தை விற்றால் அதைவிட அதிக வெள்ளி வாங்கலாம். ஆக, தங்கத்தை அங்கே கொண்டுபோய் வெள்ளியாக மாற்றுவது பைத்தியக்காரத்தனம். தலைகீழாகச் செய்ய வேண்டும். வெள்ளியை அங்கே கொண்டுபோய்த் தங்கமாகத் திருப்ப வேண்டும்.

எந்த வெள்ளி? அதே கடையில், அதே மேசையில், ஓரமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குவிந்து கிடந்ததே, தேய்ந்து மழுங்கிய விக்டோரியா ரூபாயும் எட்வர்ட் ரூபாயும், அவைதான். யாரும் சீந்தாதவை, வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்துவிடுவார். அவற்றில் 15 எண்ணி வாங்கினால் ஒரு பவுன் விலை ஆகாது. 1911ல் கொண்டுபோய் நீட்டினால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அந்த ஊர்க் காசு அது. வாங்கும்போது வருஷத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1919 ரூபாய் ஒன்று தப்பிக் கலந்துவிட்டால் கள்ளக்காசு கேஸில் உள்ளே போட்டுவிடுவார்கள், வழக்கு நடத்த எனக்குத் தெரிந்தவர் யாரும் பிறந்திருக்க மாட்டார்கள். ஜாக்கிரதையாக இருந்தால் 15 ரூபாய்க்கு ஒரு பவுன். காலப் பயணத்தில் காசு பார்க்க வேண்டுமென்றால் அரிய நாணயத்தைத் தேடிப் போகக்கூடாது, அற்ப நாணயத்தை எடுத்துப் போக வேண்டும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

காலையில் மனைவியிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டாள்: "அவ்ளோ தூரம் போறதுன்னு ஆயிடுச்சு, காசை வாங்கிட்டு ஏன் வரணும்? தி.நகர்ல ஒரு கிரவுண்டு வாங்கிப் போடலாம்ல?"

"1911ல தி.நகர் ஏதும்மா? அங்க ஏரிதான் இருந்தது. அதைத் தூர்த்துத்தான் 1920கள்ல மனை போட்டாங்க."

"ஏரிக்குள்ள மனை வாங்குறது நம்ம ஊருக்குப் புதுசா?"

பதில் இல்லை என்னிடம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். நான் 1911லிருந்து நேரே கொண்டுவரும் ரூபாய் நூறு வருஷம் பெட்டிக்குள் கிடந்ததல்ல, நேற்று அடித்தது. பளபளவென்று இருக்கும். வெள்ளி வயசானால் ஓரத்தில் ஒரு கருமை ஏறும், சிலதில் நீலமும் பொன்னிறமும் கலந்து வரும். பழகினவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அது இல்லாத காசைப் பாரிமுனையில் நீட்டினால், "சார், இது டூப்ளிகேட், எங்க வாங்கினீங்க?" என்று என்னையே பரிதாபமாகப் பார்ப்பார்கள். 1938ஆம் வருஷ ரூபாயில் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கிறவர்கள் இருக்கிற ஊர் இது. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது, 1938 அப்படியில்லை, அதனால் அந்த ஒரு இலக்கத்துக்கு அவ்வளவு மதிப்பு.

இன்னொன்று. 'பழசு' என்றாலே விலை என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. அதே மேசையில் ராஜராஜ சோழன் செப்புக்காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீராஜராஜ'. ஆயிரம் வருஷம். விலை ஒரு மட்டன் பிரியாணிக்குள் அடங்கிவிடும். ஏனென்றால் அவ்வளவு அடித்திருக்கிறார்கள், அவ்வளவு பூமிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நூற்றுச் சொச்சம் வயசான பன்றி ரூபாய்க்கு ஆறாயிரம் வந்தது எப்படி? யாரோ உருக்கினதால். நான் கோணி கட்டிக் கொண்டுவந்தால் அதுவும் பிரியாணி விலைக்கு இறங்கிவிடும்.

இந்தப் 'பழசு' நினைப்பை வைத்துத்தான் மோசடியும் நடக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் பத்து லட்சத்துக்குப் போகும் என்று ஒரு வீடியோவை நம்பினார். பதிவுக் கட்டணம், வரி என்று போனில் கேட்டுக் கேட்டு அனுப்பினார். போனது போனதுதான். அது 2012ல் வெளியிட்ட நாணயம், பழசுகூட இல்லை. எங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்குவதாகப் பணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021ல் அறிக்கை விட்டது. அதை யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை, வீடியோவைத்தான் பண்ணுகிறார்கள்.

என்னைக் கேட்டால், 'அப்போது சல்லிசு' என்று நாம் பேசுவதே தப்பு. இங்கிருந்து பார்த்தால்தான் அது சல்லிசு. 1911ல் கூலி வேலை செய்தவருக்கு நாள்கூலி அணாக் கணக்கில். பதினாறு அணா சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். முகத்தில் விரல்கூடப் படாமல் ஒரு ரூபாயை எடுத்து வைத்தவர் யார்? வைக்க முடிந்தவர். என் கொள்ளுத்தாத்தா கைக்கும் ஒரு பன்றி ரூபாய் வந்திருக்கலாம். வந்த அன்றே அரிசிக்கடைக்குப் போயிருக்கும்.

அவ்வளவு பின்னால் போவானேன்? என் வீட்டுக் கதையே இருக்கிறது. 1968லிருந்து 1971 வரை வந்த இருபது பைசா ஞாபகமிருக்கிறதா? மஞ்சளாக, தாமரைப் பூ போட்டது. தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. ஆனாலும் தாமரை என்றால் லட்சுமி. 108 சேர்த்து வெள்ளிக்கிழமை பூஜையில் வைத்தால் விசேஷம் என்று அம்மா சேர்த்தார். கண்டக்டர் கொடுக்கும் சில்லறை, காய்கறிக்காரம்மா கொடுக்கும் சில்லறை, எதில் வந்தாலும் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். எனக்கு ஆறு வயசு. பாட்டிலை ஆட்டினால் வரும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மூன்று பைசா அலுமினியக் காசு அப்படிச் சத்தம் போடாது.

93 சேர்ந்திருந்தது. 1974 மே 8ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. இருபது நாள் நடந்தது. அப்பாவும் அதில் இருந்தார். பாட்டில் காலியானது அந்த மாதம்தான். 18 ரூபாய் 60 பைசா.

இன்றைக்கு அதையே பூஜை செட் என்று பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். போன ஞாயிறு அந்த மேசையிலும் ஒன்று இருந்தது, 108ம் பளிச்சென்று. விலை கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு ஒரே ஒரு தடவைதான் போகலாம் என்றால் 1911 வேண்டாம், பெரம்பூரில் அந்த வீட்டு வாசலுக்குப் போகிறேன் என்று நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயசாகிறது, கணக்கில் மட்டும் இன்னும் யாரும் ஏமாற்ற முடியாது. "அந்தக் காலத்து நோட்டா முப்பது ரூபாய் கொண்டு வந்து, அந்தப் பாட்டிலைக் குடுங்கம்மான்னு கேட்டா குடுத்திருப்பியா?"

"என்னிக்கு வருவே?"

"ஸ்ட்ரைக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"முன்னாடி வந்தா வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டேன். பூஜைக் காசை எவளாவது விப்பாளா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தார். "பத்து நாள் கழிச்சு வந்திருந்தா குடுத்திருப்பேன். ஆனா முப்பது பத்தாதுடா. முப்பத்தஞ்சு கேட்டிருப்பேன்."