மச்சம் இடம் மாறிவிட்டது

வந்தவர்: சார், இது நான் இல்லை.

படக்காரர்: நேற்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து காலரை நான்கு தடவை இழுத்துவிட்டது யார்?

வந்தவர்: உட்கார்ந்தது நான்தான். படத்தில் வந்திருப்பது வேறு ஆள். என் மச்சம் வலது பக்கம். இந்த ஆளுக்கு இடது ஓரத்தில் இருக்கிறது பாருங்கள்.

படக்காரர்: எதிரே ஒருவர் நின்றால் அவருடைய வலது கன்னம் உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியும்?

வந்தவர்: எதிரே யாரும் நிற்கவில்லையே?

படக்காரர்: (பெருமூச்சு) நீங்கள் பழகியது கண்ணாடியில் தெரிகிற முகம். கண்ணாடி இடம் வலம் மாற்றித்தான் காட்டும்.

வந்தவர்: முப்பது வருஷமாகவா?

படக்காரர்: 1977இல் இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். ஒரே முகத்தை நேராக ஒரு படம், கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒரு படம். முகத்துக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிப் படம்தான் பிடித்தது. நண்பர்களுக்கு நேர்ப்படம்.

வந்தவர்: அப்படியென்றால் இதை என் நண்பர்களுக்குக் கொடுங்கள். எனக்குக் கண்ணாடியைக் கொடுங்கள்.

படக்காரர்: நீங்கள் 1840களில் வந்திருக்க வேண்டும். அப்போது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த படங்கள் பெரும்பாலும் கண்ணாடி மாதிரியே திரும்பித்தான் இருக்கும்.

வந்தவர்: பாருங்கள், அந்தக் காலத்து ஆள்களுக்கு விவரம் இருந்திருக்கிறது.

படக்காரர்: அசையாமல் இருக்கத் தலையைப் பின்னாலிருந்து இரும்புக் கவ்வியில் பிடித்துவைப்பார்கள். நீங்கள் கவ்வி இல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தீர்கள்.

வந்தவர்: மூக்கும் சின்னதாகிவிட்டது. கைப்பேசியில் எடுத்தால் நன்றாக எடுப்பாக இருக்கும்.

படக்காரர்: கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு முன்னால் வரும், காது பின்னால் ஓடும். நான் இரண்டு மீட்டர் தள்ளி நின்று 85 மி.மீ. லென்ஸில் எடுத்தேன்.

வந்தவர்: ஏன் சார் அவ்வளவு தள்ளி? என் மேல் என்ன கோபம்?

படக்காரர்: நேற்று வரை இல்லை.

வந்தவர்: சரி, மச்சத்துக்கு வருவோம்.

படக்காரர்: வருவோம். "இயற்கையாக இருக்கட்டும், ஆனால் கருவளையத்தை எடுத்துவிடுங்கள்" என்றீர்கள். எடுத்தேன். நெற்றிச் சுருக்கம், எடுத்தேன். இரண்டாவது தாடை, அதையும் எடுத்தேன். அப்போதெல்லாம் "இது நான் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றவில்லை. இந்த முகத்தில் நான் கைவைக்காமல் விட்டது மச்சம் ஒன்றைத்தான்!

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வந்தவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.)

வந்தவர்: தாடை நன்றாக வந்திருக்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். மச்சம்தான்...

படக்காரர்: இந்தாருங்கள், திருப்பிவிட்டேன்.

வந்தவர்: ஆ! இதுதான் நான்! வீட்டுக்கு அனுப்புகிறேன், இருங்கள்... பதிலும் வந்துவிட்டது.

படக்காரர்: என்ன சொல்கிறார்கள்?

வந்தவர்: "யாருங்க இது? உங்க மச்சம் அந்தப் பக்கம் இல்லையே?"

படக்காரர்: முப்பது வருஷமாகவா?

வந்தவர்: சார், ஒன்று கேட்கலாமா? மச்சத்தை நடுவில் வைக்க முடியுமா?