ஃப்ராங்க்ளின் கற்கள் ஒளிர்வது கதிரியக்கத்தால் அல்ல

"ஃப்ராங்க்ளின் கல் இருட்டில் ஒளிர்கிறதென்றால் அதில் கதிரியக்கம் இருக்கிறது, வீட்டில் வைக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ஃப்ராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கங்களின் கற்கள் தாமாக ஒளிர்பவை அல்ல. புற ஊதா விளக்கைக் காட்டினால்தான் ஒளிரும். இவற்றிலுள்ள வில்லெமைட் என்ற துத்தநாகத் தாது பச்சையாகவும் கால்சைட் என்ற கனிமம் சிவப்பாகவும் தெரிவதற்குக் காரணம், அவற்றில் சிறிதளவு கலந்திருக்கும் மாங்கனீசு. விளக்கை அணைத்த பிறகும் சில வில்லெமைட் துண்டுகள் கொஞ்ச நேரம் மின்னும். இந்தப் பயம் அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கற்களில், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே கரும்புள்ளிகளாகக் கிடப்பவைதான் ஃப்ராங்க்ளினைட். ஊரின் பெயரைத் தாங்கிய அந்தத் தாது எந்த விளக்குக்கும் ஒளிராது!

கவனிக்க வேண்டியது விளக்கைத்தான். இந்த நிறங்கள் நன்றாக எழ 254 நானோமீட்டர் குறும் அலை விளக்கு வேண்டும், அது கண்ணையும் தோலையும் பாதிக்கும். புற ஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பார்க்காதீர்கள். மலிவான ஊதா டார்ச்சில் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

அப்புறம், பளபளவென்று பெரிய ஆரஞ்சுப் படிகத்தை 'இயற்கை ஜின்கைட்' (இதுவும் ஒரு துத்தநாகத் தாது) என்று விற்றால் யோசியுங்கள். அப்படிப்பட்டவை பல, போலந்தின் துத்தநாக உலைகளில் உருவானவை. ஃப்ராங்க்ளின் சுரங்கம் 1954-லும் ஸ்டெர்லிங் ஹில் 1986-லும் மூடப்பட்டன. அங்கே கிடைத்த ஜின்கைட் பெரும்பாலும் பாறைக்குள் பதிந்த செம்மணிகள்தான்.